வேட்டுவன் அறம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுக என்று செயலாளர் என்னைப் பணித்தபோது, "வேட்டையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். நாற்புறமும் காயல் சூழ்ந்த இந்தக் கும்பளங்கியில் புலியும் இல்லை, யானையும் இல்லை. சீனவலையில் மீன் ஏற்றுவோரும் பொக்காளி வயலில் இறால் பிடிப்போருமே உளர். இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதி நாட்கழிக்கும் எழுத்தனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். ஆயினும் நூலகத்துப் புத்தகங்களை விடாமல் படிப்பவன். காட்டைப் பற்றிய புத்தகங்களை மிகுதியும் படித்தவன். இப்பொருளைத் தேர்ந்தமைக்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்றை இப்போதே சொல்கிறேன். மற்றொன்றை உரையின் நடுவில் சொல்வேன்.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெல் அறுவடை முடிந்து, பொக்காளி வயல்களில் உப்புநீர் ஏற்றியிருந்த காலம். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூட்டங் கூட்டமாக வந்திறங்கியிருந்தன. நம் குடியிருப்புச் சிறுவர் நால்வர், யாரோ உறவினர் வாங்கித் தந்த காற்றுத் துப்பாக்கியுடன் வரப்பில் நின்று ஒரு மடையானைக் குறிபார்த்துச் சுட்டனர். பறவை விழவில்லை. ஒரு சிறகு தொங்க, தத்தித் தத்திக் கண்டல் புதருக்குள் புகுந்தது. சிறுவர்கள் சிறிது நேரம் தேடினர், சேறு முழங்கால் அளவு இருந்தது, அம்மா அழைத்தாள், வீட்டுக்குப் போய்விட்டனர். மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது, அந்தப் பறவை கண்டல் வேரில் சிக்கியபடி, உயிர் இன்னும் போகாமல், கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்ததைக் கண்டேன்.

அச்சிறுவர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் செய்த பிழை எது என்பதைத்தான் நாம் சற்று ஆராய வேண்டும். சுட்டது ஒரு பிழை. கொக்கும் நாரையும் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டவை. ஆனால் அதனினும் பெரும் பிழை, சுட்டபின் விட்டுவிட்டு வந்தது. உலகெங்கும் வேட்டைக்காரர்கள் தம்முள் வகுத்துக்கொண்ட அறங்களில் தலையாய அறத்தை அவர்கள் அறியாமலே மீறிவிட்டனர். அந்த அறத்தைப் பற்றியதே என் உரை.

நம் முன்னோர் வேட்டையை அறியாதவர் அல்லர். குறிஞ்சி நிலத்து மக்களின் தொழிலே வேட்டைதான். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் புலவர் வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயினூடே சென்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். அவ்வியப்பைவிட எனக்குப் பிடித்தது பின்னே வரும் செய்தி. பாணர்கள் அவனை வேட்டுவருள் நிகரில்லாதவன் என்று போற்றினபோது அவன் நாணினானாம். பிறகு வேட்டையாடிய இறைச்சியையும் பொன்னையும் அவர்களுக்கு வழங்கினானாம். தன் திறத்தைப் பிறர் சொல்லக் கேட்டு நாணிய வேட்டுவன் ஒருவன் நமக்கு இருந்திருக்கிறான்.

திருவள்ளுவரோ படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், காட்டு முயலை வீழ்த்திய அம்பைக் கையில் ஏந்துவதினும் யானைமேல் எறிந்து குறி தவறிய வேலை ஏந்துவதே இனிது என்கிறார். வெற்றி பெரிதன்று, எதிரி யார் என்பதே பெரிது என்பது கருத்து. அதே அதிகாரத்தில், பகைவனுக்கு எதிராகக் காட்டும் வீரமே பேராண்மை என்றும், அப்பகைவனுக்கு ஒரு துன்பம் நேர்ந்தபோது உதவுவது அந்த வீரத்தின் கூர்மை என்றும் சொல்கிறார். போரைப் பற்றிய சொற்கள் இவை. எனினும் வேட்டைக்கும் பொருந்தும். இன்னொரு புறப்பாட்டில், போர் தொடங்குமுன் பசுக்களையும் பெண்டிரையும் பிணியாளரையும் அரண் சேருங்கள் என்று முன்னறிவித்துப் போரிடும் பாண்டியனின் நெறி போற்றப்படுகிறது. தாக்குவதற்கும் ஒரு முறை உண்டு என்பது தமிழர் கண்ட உண்மை.

அந்த முறை தவறினால் வேட்டை என்னவாகும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பல. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தில்லி தர்பாரை முடித்துக்கொண்டு நேபாளத்துத் தராய்க் காட்டுக்குச் சென்றார். யானைகள் வட்டமாகச் சூழ்ந்து புலிகளை நடுவே வளைத்துக் கொடுத்தன. சில நாட்களில் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் மாண்டன. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பரத்பூர் சதுப்பு நிலத்தில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 வாத்துகளையும் தாராக்களையும் சுட்டு வீழ்த்தினர். சர்குஜா மகாராஜா ஒருவர் தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகக் கணக்குச் சொன்னார். இவை எண்ணிக்கையே அன்றி வேட்டை ஆகா. சரக்கு நிலையத்தில் மூட்டை எண்ணும் என் தொழிலுக்கும் இதற்கும் வேறுபாடு மிகவில்லை. வல்வில் ஓரி நாணினான். இவர்களோ இறந்த புலியின்மேல் காலை வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டனர்.

ஆனால் அதே காலத்தில், துப்பாக்கி ஏந்தியவர்களுக்குள்ளேயே இதனைக் கண்டு மனம் வருந்தியவர்களும் இருந்தனர். நம் நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். அங்கே வந்து குடியேறிய வெள்ளையர் கண்மூடித்தனமாகச் சுட்டதால் வரையாடும் மிளாவும் அருகத் தொடங்கின. 1877ஆம் ஆண்டில் வேட்டைக்காரர்களே கூடி நீலகிரி வேட்டைச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1879ஆம் ஆண்டில் சென்னை அரசு நீலகிரி விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. உரிமம் இன்றி வேட்டையாடலாகாது. குறிப்பிட்ட மாதங்களில் துப்பாக்கியை எடுக்கலாகாது. பெண் விலங்கையும் குட்டியையும் சுடலாகாது என்ற கட்டுப்பாடுகள் வந்தன. வரையாட்டில், முதுகில் வெளிர்நிறம் படர்ந்த முதிய கடாக்களே குறிக்கு உரியவை. மந்தையைப் பெருக்கும் பெட்டையும் வளரும் இளங்கடாவும் தப்பின.

நம் அண்டை மலையாகிய மூணாற்றிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தேயிலைத் தோட்டத்தார் அமைத்த வேட்டைக் காப்புச் சங்கம் இரவிகுளத்துப் புல்வெளிகளைக் காத்தது. முதுவர் குடியினரே அங்குக் காவலர்களாக நின்றனர். அந்நிலம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று நாம் விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் இராஜமலையில் வரையாடுகளைக் கையெட்டும் தொலைவில் காண்கிறோமே, அவை வேட்டைக்காரர்களின் தன்னடக்கத்தால் எஞ்சியவை என்பதை மறத்தலாகாது.

சரி, அந்த அறம் என்ன? நான் படித்தவற்றைத் தொகுத்து நான்காகச் சொல்கிறேன்.

முதலாவது, இன்னதென்று தெளிவாகத் தெரியாமல் சுடாதே. புதர் அசைந்தது, ஏதோ பழுப்பாகத் தெரிந்தது என்று விசையை இழுத்தவர்கள் மனிதரையே கொன்றிருக்கின்றனர். நாங்கள் இரயில்வேயில் இதனை வேறு விதமாகக் கற்கிறோம். கைகாட்டி விளக்கு அணைந்திருந்தாலோ சரியாகத் தெரியாவிட்டாலோ, ஓட்டுநர் அதைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளலாகாது. நில் என்றே கொள்ள வேண்டும். ஐயம் எழுந்த இடத்தில் நிற்பதே விதி. துப்பாக்கிக்கும் அதுவே விதி.

இரண்டாவது, விலங்குக்கு ஒரு வாய்ப்புக் கொடு. நீர் குடிக்க வரும் ஒரே குட்டையில் கோடைக்காலத்தில் காத்திருந்து சுடுவதும், இரவில் விளக்கொளியால் கண்ணைக் கூசவைத்துச் சுடுவதும், வண்டியில் அமர்ந்தபடியே சுடுவதும் நல்ல வேட்டைக்காரர் வெறுத்த செயல்கள்.

மூன்றாவது, உன் திறத்துக்கு அப்பாற்பட்ட தொலைவில் சுடாதே. ஒரே குண்டில் உயிர் பிரியும் என்ற உறுதி இல்லையேல் துப்பாக்கியைத் தாழ்த்து. சுடாமல் திரும்புவதில் இழிவு இல்லை.

நான்காவது, இதுவே தலையாயது: காயப்படுத்திய விலங்கைக் கைவிடாதே. எவ்வளவு நேரமானாலும், எவ்வளவு ஆபத்தாயினும், குருதித் தடத்தைப் பின்பற்றிச் சென்று அதன் துன்பத்தை முடித்துவிட்டே திரும்பு. அது உன் கடன். கடனை இன்னொருவன் தலையில் கட்டாதே.

இந்த நான்காம் அறம் மீறப்பட்டதால் விளைந்த கேட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜிம் கார்பெட். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஏனெனில் அவரும் ஓர் இரயில்வேக்காரர்! 1875இல் நைனிதாலில் பிறந்த அவர், இளமையில் வங்காள வடமேற்கு இரயில்வேயில் சேர்ந்தார். கங்கைக் கரையில் மொகாமே காட் என்னும் துறையில், அகலப் பாதை வண்டியிலிருந்து மீட்டர் பாதை வண்டிக்குச் சரக்கு மாற்றும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்து, கூலியாட்களோடு தாமும் நின்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். புலியைச் சுட்ட கை, நிலக்கரியும் கோதுமை மூட்டையும் கணக்குப் பார்த்த கை.

குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் என்னும் ஊரைச் சுற்றி ஒரு பெண்புலி மனிதரைத் தின்று திரிந்தது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றவர் தொகை 436 என்று கணக்கிடப்பட்டது. பெண்கள் புல்லறுக்கப் போக அஞ்சினர். ஊரார் பகலிலும் கதவைத் தாழிட்டனர். 1907ஆம் ஆண்டில் கார்பெட்டை அழைத்தனர். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலிக்கு அரசு அறிவித்திருந்த பரிசுத் தொகையை நீக்க வேண்டும். ஏற்கெனவே காட்டில் சுற்றும் வேட்டையாட்களைத் திரும்பப் பெற வேண்டும். பரிசுக்காகச் சுட்டவன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பலர் கையில் துப்பாக்கி இருக்கும் காட்டில் தவறு நேரும் என்பதையும் அறிந்திருந்தார்.

புலி வீழ்ந்தபின் அதன் வாயைத் திறந்து பார்த்தனர். வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை உடைந்திருந்தது. பழைய துப்பாக்கிக் காயம் அது! யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், அதைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தேடாமல் போய்விட்டார். பல் இழந்த புலியால் தன் இயல்பான இரையைப் பிடிக்க இயலவில்லை. மெல்ல நடக்கும் மனிதனே அதற்கு இரையானான். அந்த முகமறியாத வேட்டைக்காரர் அன்று மாலை வீட்டில் அமர்ந்து, "குறி சற்றுத் தவறிவிட்டது" என்று நண்பர்களிடம் சொல்லித் தேநீர் அருந்தியிருப்பார். அவர் போட்ட கணக்கை 436 குடும்பங்கள் தீர்த்தன.

1944இல் வெளியான தம் குமாவோன் நூலின் முன்னுரையிலேயே கார்பெட் இதனை எடுத்துரைக்கிறார். புலி மனிதரைத் தின்னத் தொடங்குவது பெரும்பாலும் காயத்தாலோ முதுமையாலோதான். அக்காயம் பொறுப்பின்றிச் சுட்டுவிட்டுத் தேடாமல் விட்டதாலும் வரலாம், முள்ளம்பன்றியைத் தாக்கியபோது தைத்த முட்களாலும் வரலாம் என்கிறார்.

அவருடைய இன்னொரு செய்தி நம் தாய்மார்களுக்குப் பிடிக்கும். 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் சௌகர் என்னும் இடத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைத் தேடிப் போகும் வழியில், பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகளைக் கண்டு, அவற்றின் அரிய வடிவத்துக்காகக் கையில் எடுத்துக்கொண்டார். சிறிது தொலைவு சென்று பாறையொன்றைச் சுற்றித் திரும்பியதும் மிக அருகே புலி! இடக்கையில் முட்டை, வலக்கையொன்றால் துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். புலி வீழ்ந்தது. உடனே அவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி நடந்து அந்த முட்டைகளை எடுத்த குழியிலேயே வைத்துவிட்டு வந்தார். பிறகு அவ்வழியே போகும்போது தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்ந்திருந்தது. உயிரை எடுக்கும் வலிமையும் உயிரைத் திருப்பி வைக்கும் மென்மையும் ஒரே கையில் இருந்தன.

இப்போது நான் சொல்லாது வைத்த இரண்டாம் காரணத்துக்கு வருகிறேன். இதனை என் மனைவியைத் தவிர எவரிடமும் நான் சொன்னதில்லை.

எனக்குப் பதினான்கு வயது. தென்காசிப் பக்கத்தில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் என் தாய்மாமன் வேளாண்மை செய்துவந்தார். கடலைக்காட்டைப் பன்றிகள் உழுது போட்டுவிடும். மாமாவிடம் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்றியைச் சுடக் காட்டிலாகாவின் அனுமதி வேண்டும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாலை, இருள் கவியும் நேரம், பரணில் மாமா துப்பாக்கியோடும் நான் கைவிளக்கோடும் அமர்ந்திருந்தோம். பன்றி வந்தது. மாமா சுட்டார். அது உருண்டது, எழுந்தது, ஓடையின் பக்கம் ஓடிற்று. இலைகளில் இரத்தம் இருந்தது. மாமா விளக்கை வாங்கிக்கொண்டு இறங்கினார். அப்போது நான், "போதும் மாமா, பசிக்கிறது, காலையில் பார்க்கலாம்" என்றேன். உண்மையில் எனக்குப் பசியில்லை, அச்சம். மாமா என் முகத்தைப் பார்த்தார். குழந்தையை இருட்டில் இழுத்தடிப்பானேன் என்று எண்ணியிருக்க வேண்டும். திரும்பிவிட்டோம். மறுநாள் காலை மழை பெய்து தடம் அழிந்திருந்தது.

மூன்றாம் நாள், விறகு பொறுக்கப் போன ஒரு பாட்டியை ஓடைக்கரையில் அந்தப் பன்றி தாக்கியது. தொடை கிழிந்து எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப்பின் கோலின்றி அவர் நடந்ததில்லை. மாமா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். ஒவ்வோர் அறுவடையிலும் இரண்டு மூட்டை நெல்லைத் தாமே தலையில் சுமந்து அந்தப் பாட்டி வீட்டில் இறக்கிவிட்டு வருவார்; அந்த அம்மையார் மறையும்வரை இது நடந்தது. என்னை அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. "காலையில் பார்க்கலாம்" என்று நான் சொன்னதை ஊரில் எவரிடமும் அவர் சொல்லவும் இல்லை. அந்த மௌனம் இன்றளவும் என்னைச் சுடுகிறது. கண்டல் வேரில் சிக்கிய மடையானைக் கண்டபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பாட்டியின் கோல்.

இங்கே சிலர் ஒரு வினா எழுப்பக் கூடும். "கொல்லாமையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர் வழிவந்த நாம், ஒழுங்காகக் கொல்வது எப்படி என்று பேசலாமா?" நல்ல வினா. விதிப்படி கொன்றால் கொலை அறமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நோக்குங்கள். விதியைப் போற்றிய வேட்டைக்காரர்களே முதலில் துப்பாக்கியைக் கீழே வைத்தனர். விலங்கின் துன்பத்தைப் பின்தொடர்ந்து சென்று கண்ணால் கண்டவன் அவன். ஆதலால் அவன் மனம் இளகிற்று. கார்பெட் பிற்காலத்தில் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு காடு சுற்றினார். 1936இல் குமாவோன் அடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தவர்களுள் அவர் ஒருவர். 1955இல் அவர் மறைந்தபின் அப்பூங்காவுக்கு அவர் பெயரே இடப்பட்டது. வேட்டைச் சங்கமாகத் தொடங்கிய நீலகிரி அமைப்பில் பொறுப்பு வகித்த ஈ.ஆர்.சி. தாவீதார், 1975இல் மலைமலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவரைப் போற்றும் வகையில் அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு இன்று வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது.

தன்னடக்கம் சிலரிடம் இருந்தது, எல்லாரிடமும் இல்லை. ஆதலின் சட்டம் வந்தது. 1970இல் புலி வேட்டை தடைசெய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் இருந்த புலிகள் ஏறத்தாழ 1,800 மட்டுமே. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அவற்றின் தொகை 3,600ஐத் தாண்டிவிட்டது. இன்று நம் நாட்டில் பொழுதுபோக்குக்காகப் பெருவிலங்கு வேட்டை என்பதே இல்லை. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவோ மயக்கவோ இயலாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் தெளிந்து எழுத்தில் ஆணையிட்டால் மட்டுமே சுடலாம்.

வேட்டை போயிற்று, ஆனால் வேட்டுவன் அறம் போய்விடவில்லை. அது இப்போது அரசின் கடமையாகியிருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் உதகைக்கு அருகே தொட்டபெட்டா பகுதியில் மூவரைக் கொன்ற புலியைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி-23 என்னும் புலியின் செய்தி வேறாயிற்று. உடனே கொல்ல முற்படலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியது. வனத்துறையினர் மூன்று வாரம் மழையிலும் சேற்றிலும் தேடி, அக்டோபர் 15ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து, மைசூருக்குச் சிகிச்சைக்கு அனுப்பினர். இது தானா அந்தப் புலி என்று அடையாளம் தெளியும்வரை பொறுத்தார்களே, அது முதல் அறம். பாதியில் விட்டுவிடாமல் தொடர்ந்தார்களே, அது நான்காம் அறம்.

நாம் வாழும் கேரளத்திலும் 2022இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை, உள்ளாட்சித் தலைவரின் உத்தரவுப்படி உரிமம் உள்ளவர் சுடலாம் என்பது அது. மலையோர உழவரின் கண்ணீரை அறிந்தவன் நான். அந்த ஆணையைக் குறைகூற மாட்டேன். ஆனால் அப்பணிக்குத் துப்பாக்கி எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டியின் கோலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

துப்பாக்கி இன்றியும் கொல்லலாம் என்பதையும் ஓர் இரயில்வே ஊழியனாக நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் ஊருக்குப் போகும் பாலக்காடு–கோயம்புத்தூர்ப் பாதை வாளையாற்றுக் காட்டை ஊடுருவிச் செல்கிறது. அதன் அருகே மதுக்கரைப் பகுதியில் 2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு, விரைவு வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. யாரும் குறிபார்க்கவில்லை, யாருக்கும் பகையில்லை. நாம் வேகமாக ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. அதற்குப்பின் அப்பகுதியில் யானைகளுக்குச் சுரங்கவழிகள் அமைந்தன. 2024இல் பாதையோரம் யானை வருவதைக் கண்டு எச்சரிக்கும் படக்கருவிகள் நிறுவப்பட்டன. இரவில் வேகக் கட்டுப்பாடும் உண்டு. அடுத்த முறை அங்கே வண்டி மெல்ல ஊர்ந்தால், "இந்த இரயில்வேக்காரர்களே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். விலங்குக்கு ஒரு வாய்ப்புக் கொடு என்னும் இரண்டாம் அறத்தை அந்த ஓட்டுநர் உங்களுக்காகக் கடைப்பிடிக்கிறார்.

இறுதியாக முன்வரிசையில் இருக்கும் சிறுவர்களுக்கு ஒன்று. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் உங்களைப் போன்ற ஒரு சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். கீழே விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்ற கேள்வி அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு இட்டுச் சென்றது. அங்கே மில்லார்டு என்னும் பெரியவர் அவனைக் கடிந்துகொள்ளாமல், அலமாரிகளைத் திறந்து பாடம்செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அச்சிறுவனே பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1933இல் அவர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். நம் எர்ணாகுளம் மாவட்டத்துத் தட்டேக்காட்டில் 1983இல் அமைந்த பறவைகள் சரணாலயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 4,273 பறவைகள் ஒரே நாளில் மாண்ட அந்தப் பரத்பூரும் அவருடைய பெருமுயற்சியால் காக்கப்பட்டு, 1982இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

அந்த மடையானை நான் எடுத்து வந்தேன். ஆனால் அது அன்று மாலையே இறந்துவிட்டது. சுட்ட சிறுவனை அழைத்தேன். அடிப்பேன் என்று எண்ணி நடுங்கினான். நான் அடிக்கவில்லை, அடிக்க எனக்கு உரிமையும் இல்லை. என் மாமாவின் கதையை அவனிடம் சொன்னேன். இருவரும் சேர்ந்து தென்னை மூட்டில் பறவையைப் புதைத்தோம். மறுநாள் அவன் தானாகவே துப்பாக்கியைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, "மாமா, அது என்ன பறவை? அதன் சிறகு பறக்கும்போது மட்டும் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?" என்று கேட்டான். பம்பாய்ச் சிறுவனின் கேள்வியும் இதுதானே!

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் வாசகசாலைக்குப் பறவைகளைப் பற்றிய தமிழ்ப் புத்தகங்கள் சிலவும் ஒரு தொலைநோக்கியும் வாங்குவோம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வயல்வரப்பில் நடந்து, எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதுவோம். நோட்டுப் போட்டுக் கணக்கெழுதும் பணியை நான் ஏற்கிறேன். அத்தொழிலை நான் நன்கு அறிவேன். முதற்பக்கத்தில் முதற்பெயராக மடையான் என்று அச்சிறுவனே எழுதட்டும்.

நாம் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். தை மாதத்தில் இவ்வயல்களில் இறங்கும் பறவைகளுள்ளும் பல அவ்வாறு வந்தவையே. வந்த இடத்தில் நமக்கு இடம் கொடுத்தோர் உண்டு. நாமும் வந்தவற்றுக்கு இடம் கொடுப்போம். வாழ்க்கையில் நாம் எவரையேனும் சொல்லாலோ செயலாலோ காயப்படுத்த நேர்ந்தால், "காலையில் பார்க்கலாம்" என்று திரும்பிவிடாமல், அன்றே தடம் பற்றிச் சென்று அதனைத் தீர்த்துவிட்டு வருவோம். வேட்டுவன் அறத்திலிருந்து நான் கற்றது இதுவே.